நாலு மணி நேர போர்டு

விமான டிக்கெட் விற்பவளுக்கு விமானம் ஓட்டத் தெரியாது என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை.

கருங்கல் என்ற எங்கள் ஊரில் என் கடை வாசலில் ஒரு போர்டு வைத்தேன். 'திருவனந்தபுரம் – துபாய்: 4 மணி நேரம்.' மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதனால் கணக்கு சரிதான். ஆனாலும் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கும் சக பாவிகளே, வாசலில் மட்டும் எதையும் எழுதி வைக்காதீர்கள்.

காணாமல் போன ஒன்றரை

ஓய்வுபெற்ற கணக்கு சார் ஒருவர் துபாயில் மகளைப் பார்த்துவிட்டு வந்ததும் நேராக என் கடைக்கு வந்தார். போகும்போது பத்து மணிக்கு ஏறி பன்னிரண்டரைக்கு இறங்கினார். திரும்பும்போது ஒன்பதுக்கு ஏறி இரண்டரைக்கு இறங்கினார். போக இரண்டரை, வர ஐந்தரை, போர்டில் நாலு. எது பொய் என்று கேட்டார்.

துபாய்க் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும் என்று பேப்பரில் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவனுக்க கடிகாரம் பிந்துனா அவன் நன்னாக்கட்டும் மோளே, அதுக்கு நான் என்னத்துக்கு அஞ்சரை மணிக்கூர் இருக்கணும்?"

முழுசாகப் பறக்க வேண்டும்

மகளின் பிரசவத்துக்குப் போகும் ஓர் அம்மா, முதல்முறையாக விமானம் ஏறுகிறார். நேராகப் போனால் நாலு மணி நேரம், இன்னோர் ஊரில் இறங்கி ஏறினால் ஒன்பது. இரண்டுக்கும் ஒரே விலை. எல்லோரும் நாலைத்தான் எடுப்பார்கள் என்று நான் பாட்டுக்கு டைப் அடிக்க, கையைப் பிடித்துத் தடுத்தார்.

"ஒம்பது மணிக்கூர் இருக்க வச்சு ரெண்டு நேரம் சோறும் தாறவன விட்டுட்டு, நாலுல எறக்கி விடுறவன் எதுக்கு மக்களே?"

இன்னொரு நாலு

சிரித்தது போதும். கடற்கரையில் ஒரு மீனவர் இறந்துபோனார். மகன் ஆன்றனி துபாயில். அவன் அப்பா முகத்தைப் பார்க்காமல் பெட்டியை மூடக் கூடாது என்று அம்மா அழுதார். ஆன்றனியின் மச்சான் சகாயம் கடைக்கு வந்தார். மறுநாள் காலை துபாய் நேரம் ஒன்பதுக்குக் கிளம்பும் விமானத்தில் டிக்கெட் போட்டேன். சகாயம் போர்டைப் பார்த்தார், ஒன்பதும் நாலும் கூட்டினார், ஒரு மணிக்கு இறங்கிவிடுவான் என்று பங்குத்தந்தைக்கு போன் செய்தார். அடக்கம் நாலு மணிக்கு என்று முடிவானது. எல்லாம் என் காதில் விழுந்தது. டிக்கெட்டில் இரண்டரை என்று அச்சடித்திருக்கிறதே என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டேன். டிக்கெட்டை யார் படிக்கிறார்கள்?

விமானம் சொன்னபடி இரண்டரைக்கு இறங்கியது. ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்கு வரும் வழியில், மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், அந்தப் பக்கம் ஊர்வலம். பங்குத்தந்தை ஆறு மணி வரை பொறுத்தார். ஆறரைக்கு ஆன்றனி தோளில் பையோடு கல்லறைக்கு ஓடி வந்தபோது மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் அங்கே நின்றேன். என்னால் தலை நிமிர்த்த முடியவில்லை.

பத்து நாள் கழித்துத் திரும்பிப் போக டிக்கெட் எடுக்க வந்தான். தப்பு என்னுடையது, போர்டை இன்றைக்கே அழித்துவிடுகிறேன் என்றேன்.

"அழிக்கண்டாம் அக்கா. கடலு தாண்ட நாலு, ஏர்போர்ட்லேருந்து எங்க அப்பாவுக்க கிட்ட வர நாலு. அடியில இன்னொரு நாலு எழுதிப் போடுங்க."

'ஏர்போர்ட் – கருங்கல்: 4 மணி நேரம்' என்று அடியில் எழுதிப் போட்டேன், முதல் நாலுக்கு இன்றும் தினம் ஒருவர் சண்டைக்கு வருகிறார், இரண்டாவது நாலை மட்டும் இதுவரை ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.