பம்பாயில் ஒரு காது

புதுச்சேரி கதிர்காமத்து ஆதிமூலத்துக்குக் காது போய் வெகுகாலம் ஆகிவிட்டது. மனைவி அன்னக்கிளியைத் தவிர ஒருவருக்கும் அது தெரியாது. பிரெஞ்சுக்காரன் கொடி இறங்குவதற்கு முன்பே மில்லில் தறி ஓட்டப் போனவர் அவர். அத்தனை தறியும் ஒரே கொட்டகையில் அடிக்கும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அதனால் தறிக்காரர்கள் சத்தமே போடாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். பெண் பார்க்கப் போன கதையும் மேஸ்திரிக்கு விழும் வசவும் உதட்டிலேயே நடக்கும். ஆதிமூலம் அதில் கெட்டிக்காரர். வெளியிலும் ஆளின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே காலத்தை ஓட்டிவிட்டார்.

1960-இல் பம்பாயிலிருந்து சக்கரபாணி என்றொரு ஆராய்ச்சிக்காரர் வந்தார். அங்கே ஓர் அறையை அடைத்துக்கொண்டு கணக்கு மெஷின் நிற்கிறதாம். இப்போது கம்ப்யூட்டர் என்கிறோமே, அதுதான். தறிக்காரர்களின் காதைச் சோதித்து, அந்த அளவுகளை மெஷினில் போட்டு, எண்களாலேயே ஒரு காதைச் செய்யப்போவதாகச் சொன்னார்.

"உங்க காதைத் திறந்து பாக்க முடியாது. மெஷின்ல இருக்கிற காதுக்குள்ள தறிச் சத்தத்தை வருஷக்கணக்கா விட்டுப் பாக்கலாம். எப்படிக் கெடுதுன்னு தெரிஞ்சிட்டா, காது போனவங்களுக்குச் சத்தமில்லாத எடத்துல வேலை குடுங்கன்னு மில்லைக் கேக்கலாம்."

நல்ல மனுஷன். ஆனால் தறிக்காரர்கள் மேஸ்திரி சொன்னதைத்தான் நம்பினார்கள். "செவிட்டுப் பசங்கள சலிச்சி எடுத்து ஊட்டுக்கு அனுப்பத்தான்டா இந்த வேலையெல்லாம்" என்று அவன் பற்றவைத்துவிட்டிருந்தான்.

முதல் ஆளாக ஆதிமூலத்தைக் கூப்பிட்டார்கள். காதில் கருவியை மாட்டி உட்காரவைத்தார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எதிரில் இருந்த சக்கரபாணி, விசையை அழுத்தும்போதெல்லாம் ஆவலில் புருவத்தைத் தன்னையறியாமல் உயர்த்தினார். தறிக்காரனுக்கு அது போதாதா? புருவம் ஏறியதும் விரலும் ஏறியது. வெளியே வந்தவர், வரிசையில் நின்றவர்களுக்கு வாயசைவிலேயே சொன்னார்: "புருவத்தப் பாருங்கடா."

எல்லோரும் தேறினார்கள். அன்று அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடாததுதான் குறை.

பம்பாய்க் காது அந்த விரல்களை அப்படியே நம்பியது. எத்தனை வருஷம் தறிச் சத்தத்தை விட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. எப்படி ஆகும்? சக்கரபாணி தலையைச் சொறிந்துகொண்டு, வந்த கணக்கை அப்படியே எழுதினார். மில்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்! தறிச் சத்தத்தால் காது கெடாது என்று மெஷினே சொல்லிவிட்டதாக மில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பொய் சொன்னவர் ஆதிமூலம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சொல்லவைத்த அந்த மேஸ்திரியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

1962-இல், பின்னால் துணிப் பொதி வண்டியைத் தள்ளிவந்தவன் கத்தியது கேட்காமல் ஆதிமூலம் அடிபட்டு விழுந்தார். கவனமில்லாத ஆள் என்று மில் அவரை நிறுத்திவிட்டது. துணி மடிக்கிற இடத்தில் சத்தம் கிடையாது. அங்கேயாவது ஒரு வேலை வாங்கித் தாருங்கள் என்று கேட்க, அன்னக்கிளியோடு தொழிலாளர் அதிகாரியிடம் போனார். மில்லால்தான் காது போனது என்று அதிகாரி ஒப்புக்கொண்டால் வேலை கிடைக்கும்.

அதிகாரி பழைய சோதனை முடிவை எடுத்துப் பார்த்தார். "மில்லுலயே நல்ல காது ஒங்க காதுதான்னு இதுல இருக்கே?"

"பொய்யி முசியே. நாந்தான் ஏமாத்துனேன்." ஐயாவுக்குப் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கத்தில் முசியே என்ற ஆதிமூலம், சொல்லும்போதே அவமானத்தில் அழுதுவிட்டார்.

அதிகாரி அவருக்கு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு குரலே வெளிவராமல் உதட்டை மட்டும் அசைத்தார்: "அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

தறிக்கொட்டகையில் பழகிய வாய் சும்மா இருக்குமா? "அப்ப சொன்னதுதாங்க பொய்யி" என்று பட்டென்று பதில் வந்தது.

அதிகாரி சிரித்துவிட்டு, 'காது கேட்காது' என்று காகிதத்தில் எழுதி மூடினார். அடுத்த ஆளை உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அன்னக்கிளிக்குப் பாம்புக் காது. அவள் புருஷனின் கையைப் பிடித்து உலுக்கினாள். "அந்த ஆளு ஒண்ணுமே கேக்கலியேய்யா. நீ பாட்டுக்கு எதுக்குப் பதிலு சொன்ன?"