எஸ்தர் டீச்சர் நிறுத்திவைத்த பட்டியல்

எஸ்தர் டீச்சர் காலமான செய்தி சென்ற புதன்கிழமை தபாலட்டையில் வந்தது. பாறசாலைப் பக்கத்துத் தனியார் கல்லூரியில் எங்களோடு கணிதம் நடத்தியவர். அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டிருந்தது. கடைசியாக முகம் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவரை அறிந்த உங்களிடம் சொல்லியாவது ஆற்றிக்கொள்கிறேன்.

தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு நடந்த எல்லைப் போராட்டத்தில் கல்லூரி வாரக்கணக்கில் பூட்டிக்கிடந்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். திறந்ததும், மிச்சப் பாடம் அத்தனையையும் ஆறே வாரத்தில் முடிக்கச் சொன்னார்கள். முடித்தோம், நடத்திய பாடத்தைக் குறித்துவைக்கும் டைரியில். நடத்தாத பாடத்துக்கு நேரேயும் ‘முடிந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். வரலாறு நடத்திய நான் அதில் முதல் ஆள். ‘நடத்தவில்லை’ என்று எழுதியவர் டீச்சர் மட்டும்தான். அதற்காகப் பிரின்சிபாலிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார்.

பிறகு கல்லூரிப் பரீட்சை வந்தது. அதில் தேறினால்தான் பல்கலைக்கழகப் பரீட்சை எழுதலாம். என் தாளில் பதினோரு பேர் தோற்றார்கள். கொல்லயில் என்ற ஊரிலிருந்து நடந்தே வந்து படித்த தங்கமும் அதில் ஒருத்தி. இன்னொரு வருடம் படிக்க அவள் வீட்டில் விடமாட்டார்கள். தேறியவர் பட்டியல் மறுநாள் பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டும். டீச்சர் என் மேசைக்கு வந்தார்.

“சார், கடைசி ரெண்டு கேள்வி கேட்டிருக்கீங்களே, அந்தப் பாடம் நடந்ததா?”

“டைரியில உண்டு டீச்சர்.”

“டைரியில உண்டு. பிள்ளையளுக்க மண்டையில உண்டா? தப்பு நமக்காக்கும். தோல்வி மட்டும் தங்கத்துக்கா?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பிரின்சிபால்கிட்ட சொல்லிக்கொடுக்கப் போறீங்களா?” என்றேன்.

“நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும். கூட வாறேன்.”

போய்ச் சொன்னேன். திட்டு இருவருக்கும் விழுந்தது. ஆனால் பட்டியல் மூன்று நாள் நின்றது. பாடத்தை நடத்தி மறுபரீட்சை வைக்க அனுமதி கிடைத்தது. நான் நடத்தும்போது டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். “இப்பம் எனக்கும் விளங்கிச்சு சார்” என்று அவர் சொன்னதும் வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தங்கம் தேறினாள். நன்றி சொல்ல என்னிடம்தான் வந்தாள்.

“சாரே போய் எங்களுக்காகப் பேசினதாக்கும்னு டீச்சர் சொன்னாங்க.”

டைரியைப் பற்றி டீச்சர் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. எனக்குத் தகாத ஒரு நல்ல பெயரைத் தந்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். அந்தப் பெயருக்குத் தக்கவனாக நடக்கப் பார்த்தே என் மீதி வேலைக்காலம் போயிற்று. டீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான்.