ஹவில்தார் மறைத்த சாவு

மலாயாவில் எங்கள் காஜா பேராங்கில் மருதமுத்துவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஹவில்தார்தான். இந்திய தேசிய ராணுவத்தில் அவர் ஹவில்தாராக இருந்தபோது, அந்தச் சொல்லைக் கேட்டதுமே சிப்பாய்கள் விறைத்து நிற்பார்களாம். சண்டை தோற்று வெறுங்கையோடு திரும்பிய பிறகு அதுவே கேலிப்பெயர் ஆயிற்று. அரிசி குடோனைக் காவல் காக்கும் ஜாகா வேலைக்குப் போனார். அப்புறம் எங்கள் தெருவில் எந்த ஜாகாவைப் பார்த்தாலும் ஹவில்தார் என்றே கூப்பிட்டோம்.

எனக்கு அந்த மனுஷனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். காரணம் பக்கத்து வீட்டுக் கோகிலா. அவள் புருஷன் கருணாகரன் இவருக்குக் கீழேதான் பர்மாவுக்குப் போனான், திரும்பவில்லை. சாவைக் கண்ணால் கண்ட ஒருவர் வந்து சொல்லாமல் எங்களில் கருமாதி செய்வதில்லை, தாலியைக் கழற்றுவதில்லை. கேட்கும்போதெல்லாம் இவர், "வந்துருவான் தங்கச்சி, ரங்கூன் ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்தேன்" என்பார். லாரி ஓட்டும் ராஜரத்தினம், சீர்திருத்தக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று அவளைக் கேட்டான். அவளுக்கும் மனசு இருந்தது.

"அவரு வந்து நின்னா நான் என்னக்கா பண்ணுவேன்?" என்று என்னிடம் வந்து அழுவாள். சே, என்ன பிழைப்பு அது!

ஐம்பத்தேழில் மலாயாவுக்குச் சுதந்திரம் வந்ததும் ஹவில்தார் என்ற சொல்லுக்கு மறுபடி மவுசு. ஊர்வலத்தில் ஹவில்தார்தான் முன்னால் நடக்க வேண்டுமென்றார்கள். காக்கித் துணி எடுக்க ஜாலான் துக்காங் எமாஸில் காதர் மைதீன் கடைக்கு வந்தார். நானும் அங்கே ரவிக்கைத் துணி பார்த்துக்கொண்டிருந்தேன். உருது படித்த காதர் பாய் துணியை அளந்தபடியே பேச்சுக் கொடுத்தார்.

"ஹவாலான்னா ஒப்படைக்கிறது. தார்னா வச்சிருக்கிறவன். ஒங்கள நம்பி ஆளுங்கள ஒப்படைச்சிருக்காங்க, அதான் ஹவில்தார். லேசான பேரா அது?"

மருதமுத்துவின் முகம் செத்துப்போயிற்று. துணியை அப்படியே போட்டுவிட்டு இறங்கி நடந்தார். எனக்கு என்னவோ போலிருந்தது, பின்னாலேயே போனேன். நேரே கோகிலா வீட்டு வாசலில் போய் நின்றார்.

"கருணாகரன் செத்துட்டான் தங்கச்சி. நாப்பத்து நாலுலயே. வயித்துக்கடுப்பு, நடக்க முடியாம ரோட்டோரமா படுத்தவன் எந்திரிக்கல. நான்தான் குழி தோண்டுனேன். ஒன் மொகத்தப் பாத்துச் சொல்ல வாய் வரல. ஒரு தடவ பொய் சொல்லிட்டேன், அப்புறம் மாத்த முடியல."

கோகிலா அழவில்லை. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"போன தை மாசம் வந்து சொல்லியிருக்கக் கூடாதாண்ணே? அப்பத்தான் ராஜரத்தினம் கடைசியா ஒரு தடவ கேட்டுட்டுப் போனாரு. மாசியில அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சே."