தாவும் மான் முத்திரை

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடை. பழைய கத்திகளைக் கடைக்காரர் தனியே ஒரு தகர டின்னில் போட்டு வைத்திருக்கிறார். அதன் முன்னால் செராமிக் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார்; பக்கத்தில் நான் நின்று பார்க்கிறேன். அவருடைய அப்பா காட்டுப்பன்றி வேட்டைக்குக் கொண்டுபோன கத்தியை, வீட்டை ஒழித்தபோது தம்பி இரும்போடு இரும்பாக இங்கே போட்டுவிட்டானாம்.

அவர் சொன்ன மாதிரியே கொம்புப் பிடி போட்ட கத்தி ஒன்று கிடைக்கிறது. ஆயுத பூஜைதோறும் செங்கல் தூளால் தேய்த்ததில், செய்த கம்பெனியின் முத்திரை மழுங்கியிருக்கிறது.

"அதேதாம்மா, எடுத்துட்டுப் போ," என்கிறார் கடைக்காரர்.

"இருங்கண்ணா. எங்கப்பா கத்தியில மான் தாவுற மாதிரி இருக்கும்."

கம்பெனியிலிருந்து பொட்டலத்தில் கொண்டுவந்த வெள்ளைக் களிமண் தூளைப் பிடியோரம் முத்திரைமேல் தேய்த்து, அந்தப் பெண் விரலால் வழிக்கிறார். பள்ளத்தில் தங்கிய வெள்ளையில் ஒரு கிரீடம் தெரிகிறது.

"மானைவிட கிரீடம் ஒசத்திம்மா!"

"அப்ப நீங்களே தலையில வச்சுக்குங்க."

"பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கிறது?" என்று நான் கேட்கிறேன்.

"இருக்குதுங்க. ஆனா எங்கப்பா புடிச்சது இது இல்லியே."

மற்றக் கத்திகளிலும் மான் இல்லை; டின் காலியாகிவிடுகிறது. அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொள்கிறார்.

"உள்ள சாக்குல இருக்குது பாருங்க, அதையும் கொட்டுங்கண்ணா."