வண்டிக்காகப் பிடித்த சுருட்டு

என் வீட்டுக்காரரை எல்லாரும் காத்து டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ உள்ள வண்டிகளில் இழுவை குறைந்தால், காற்று எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். அதற்கென்று மெஷின் எதுவும் அவரிடம் கிடையாது. சுருட்டைப் பற்றவைத்து, நெஞ்சு நிறைய இழுத்து, என்ஜினுக்குக் காற்று போகும் குழாயில் வாய் வைத்து ஊதுவார். புகை எங்கே எட்டிப் பார்க்கிறதோ அங்கே ஓட்டை. பிறகு என்ஜினை ஓடவிட்டு, ஒரு ரப்பர் டியூபைக் காதில் வைத்து, மறுமுனையால் தடவித் தடவிக் கேட்பார்.

“விட்டுத் தொலைங்களேன்” என்பேன்.

“நானா பிடிக்கிறேன்? வண்டி பிடிக்குதுடி” என்று சிரிப்பார். இருபத்திரண்டு வருஷமாக இதே பதில்தான்.

அன்று மதியம் நான் சாப்பாடு கொண்டுபோனபோது, வாடகைக் கார் ஓட்டும் தம்பி ஒருவர் டீசல் வண்டியோடு வந்திருந்தார். மேடு ஏற மாட்டேன் என்கிறதாம். வேறு ஷெட்டில் டர்போவையே மாற்றச் சொல்லிவிட்டார்களாம். இவர் மூன்று சுருட்டு ஊதியும் எங்கேயும் புகை கசியவில்லை. கடைசியில், டர்போவின் சின்னக் கையை அசைக்கிற மெல்லிய வேக்கம் டியூபில், அதாவது காற்றை உறிஞ்சும் டியூபில், முள் வைத்த கைப்பம்பை மாட்டி இழுத்துப் பார்த்தார். முள் நிற்காமல் இறங்கியது; கசிவு அங்கேதான். டியூபின் அடியில் மயிரிழை விரிசல். புதுசு போட்டு அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. “அண்ணே, மேட்டுல பறக்குது! இப்படியே சவாரிக்குப் போறேன்!”

இவர் முகம் மலரவில்லை. காலி ஷெட்டின் நடுவே, காதில் ரப்பர் டியூபோடு நின்றார்.

“ஷ்... இன்னும் கசியுது.”

“எந்த வண்டிங்க? இங்கதான் ஒண்ணுமே இல்லையே.”

“பத்து நாளா இப்படித்தான். வண்டி போயிடுது, சத்தம் போக மாட்டேங்குது. காத்து கருப்பு ஏதாவது குடிவந்துடுச்சோ?”

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் டியூபைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

டியூபை வாங்கி என் காதில் வைத்தேன். கேட்டது. எங்கோ தூரத்தில் பூனைக்குட்டி அழுகிற மாதிரி மெல்லிய விசில். மறுமுனையைத் தேடினேன். அது அவர் சட்டைப் பையின்மேல், நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

கடவுளே.

“கொஞ்சம் மூச்சை அடக்குங்க.”

அடக்கினார். சத்தம் நின்றது.

என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

“ஆஸ்பத்திரிக்குப் போகலாம். மூச்சை விடுங்க” என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினார். கண்கள் சிவந்தன. விட்டால் மறுபடி கேட்குமே என்ற பயத்தில், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார்.