பேனா என்று எடுத்த கத்தரிக்கோல்

நான் ஆரணியில் பட்டு நெய்பவன். சங்கீத வித்வான்களின் படத்தில் அவர்களிடமே கையெழுத்து வாங்கிச் சேர்ப்பது என் பைத்தியம்.

போன தை மாதம் வந்தவாசியில் ஒரு கல்யாணக் கச்சேரி. பல வருஷமாக நான் தேடிய பாடகி பாடுகிறார் என்றதும் தறியிலிருந்து அப்படியே எழுந்து பஸ் ஏறிவிட்டேன். சட்டைப் பையில் பேனாவோடு, இழை வெட்டும் கூரான சின்னக் கத்தரிக்கோலும் இருந்தது. எங்கள் தெருவில் எல்லார் பையிலும் இருப்பதுதான், மறந்தே போனேன்.

கச்சேரி முடிந்து அவர் காருக்கு நடந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்தேன். இடது கையில் படம். வலது கையால் பேனாவை உருவி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். கையில் வந்தது கத்தரிக்கோல்.

"டேய், குத்த வர்றான்டா!" என்று ஒருவன் கத்தினான்.

முதல் அறையிலேயே காது அடைத்துவிட்டது. கீழே தள்ளி மிதித்தார்கள். முகத்தில் விழுந்த உதையில் முன்பல் தெறித்தது. "நெசவுக்காரங்க நானு! கையெழுத்து வாங்க வந்தேங்க!" என்று அலறினேன். யார் கேட்டார்கள்? ஒருவன் கல்லைத் தூக்கிவிட்டான்.

"நிறுத்துங்க! அவர் கையில இருக்கறது என் போட்டோ!"

பாடகியின் குரல். மைக் இல்லாமலே கூட்டம் அடங்கியது.

என் பேனா மிதிபட்டு நொறுங்கியிருந்தது. கல்லைத் தூக்கியவனே தன் பேனாவைக் கொடுத்தான். ரத்தம் படாத மூலையில் அவர் கையெழுத்திட்டார்.

இப்போது சட்டை மாற்றாமல் கச்சேரிக்குக் கிளம்புவதில்லை. பேனாவும் கொண்டுபோவதில்லை. தூரத்திலேயே நின்று, படத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி, "உங்க பேனாவுலயே போட்டுக் குடுங்க" என்று கேட்கிறேன்.