ஒரு வாரம் பொறுக்க வைத்தார்

இரண்டு பிள்ளைகளை வயிற்றில் மூன்றாம் மாதத்திலேயே பறிகொடுத்தவள் நான். மங்கலத்திலிருந்து எழுதுகிறேன், தேவனை நம்பியிருக்கிற சகோதரிகளே. “அடுத்த தடவை நாள் தள்ளினால் உறுதி செய்துகொண்டு உடனே வா. நின்றுகொண்டே வேலை பார்க்கக் கூடாது” என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எனக்கோ பொறுமை என்பதே கிடையாது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சின்ன ஓட்டை கண்ணில் பட்டாலும் அடுத்த நொடி ‘ரிஜெக்ட்’ என்று வீசுகிற கை. 1994 ஐப்பசி மாதம். நாள் வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதற்குள் மருந்துக்கடையில் டெஸ்ட் அட்டை வாங்கினேன். கடைக்காரர் ஏதோ சொல்ல வந்தார். வெட்கத்தில் வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். சாயங்காலம் வேலை விட்டு வந்து, வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தேன். ஒரே கோடு.

அன்றைக்கு ஆண்டவரோடு சண்டையே போட்டேன். எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று அழுதேன். மறுநாள் ஷிப்மென்ட் அவசரம் என்றார்கள். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் நிற்கிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டேன்.

வரவேண்டிய நாளும் வராமலே கடந்தது. மூன்று நாள் தள்ளியது. பக்கத்து வீட்டு அக்கா கருஞ்சீரகக் கசாயம் காய்ச்சிக் கொண்டுவந்தார்.

“அதான் இல்லைன்னு காட்டிப்போடுச்சே கண்ணு. சூட்டுல தள்ளுது. குடிச்சுப்போடு, ரெண்டு நாள்ல வந்துரும்.”

டம்ளரை வாய்வரை கொண்டுபோனேன். ஏனோ மனம் ஒப்பவில்லை. கீழே வைத்துவிட்டு முழங்கால் போட்டேன். “ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் தெரியலை. நீரே சொல்லும்.” அவ்வளவுதான் என் ஜெபம்.

எழுந்திருக்கும்போது, சாயப்பட்டறை வேலை முடிந்து என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“என்ன அம்மிணி, துணி ஈரமா இருக்கறப்பவே சாயத்தோட ஷேடு பாப்பியா? காஞ்சப்புறந்தான பாக்கோணும்?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “துணியும் இதும் ஒண்ணுங்களா?” என்றேன். அவர் சைக்கிளை எடுத்தார். நேராக அந்த மருந்துக்கடைக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

“நாள் தள்ளி ஒரு வாரமாவது ஆகோணுமாமா. காத்தால எந்திரிச்சதும் மொதல்ல போறதுல பாக்கோணுமாமா. அவரு சொல்றதுக்குள்ள நீ ஓடியாந்துட்டயாமா!”

கசாயத்தைச் சாக்கடையில் ஊற்றினேன். ஒன்றரை ஷிப்டுக்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மீதி நான்கு நாளை எப்படித் தள்ளினேன் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். எட்டாம் நாள் விடியற்காலை பார்த்தேன். இரண்டு கோடு! அன்றைக்கே டாக்டரம்மாவிடம் ஓடினோம். ஊசி போட்டு, ஓய்வில் இருக்கச் சொன்னார். மூன்றாம் மாதம் தாண்டியது. பத்தாம் மாதம் மகள் பிறந்தாள். ஸ்தோத்திரம்!

சகோதரிகளே, ஆண்டவரிடம் கேளுங்கள், அவர் சொல்வார். என்னிடம் சாயக்கையோடு வந்து சொன்னார். அவசரப்பட்டு அட்டையைப் பார்க்காதீர்கள். பார்த்து இல்லை என்று வந்தாலும், நாள் தள்ளினால் கண்டதைக் குடிக்காதீர்கள். ஒரு வாரம் பொறுத்து மறுபடியும் பாருங்கள்.

நான் ரிஜெக்ட் என்று எறிந்தவளுக்கு இப்போது நான்கு வயது. பேனாவைக் கொடு என்று என் கையைப் பிடித்து இழுக்கிறாள். அவளுக்கும் பொறுமை இல்லை.